புரோட்டீன் டேட்டா பேங்க்: ஒளிச்சேர்க்கைப் புரதங்களில் எலக்ட்ரான் போகும் வழியை அளக்க எவ்வளவு உதவும்?

ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான் போகும் வழியைக் காட்டும் இசட் வடிவ வரைபடம் தாவரவியல் படித்த எல்லோருக்கும் பழக்கம். தண்ணீரில் தொடங்கும் அம்புக்குறி ஒளி அமைப்பு 2, சைட்டோகுரோம் பி6எஃப், ஒளி அமைப்பு 1 என்று ஏறி இறங்கி என்ஏடிபிஹெச்-சில் முடியும். அந்த அம்புக்குறிகளில் மின்னழுத்தம் இருக்கிறது, தூரம் இல்லை. எலக்ட்ரான் ஒரு நிறமியிலிருந்து அடுத்ததற்கு எத்தனை ஆங்ஸ்ட்ரம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தாண்டுகிறது, ஒரு தாவல் பிகோ நொடியிலும் இன்னொன்று மில்லி நொடியிலும் நடப்பது ஏன் என்ற கேள்விகளுக்கு அந்தப் படம் பதில் சொல்லாது. பதில் இருக்கும் இடம், புரதங்களின் அணு அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் கிடங்கான புரோட்டீன் டேட்டா பேங்க். காசு கிடையாது, பதிவு செய்ய வேண்டாம், உலாவி இருந்தால் போதும். தாவர ஒளிச்சேர்க்கைப் புரதங்களைப் படிக்கும் முதுகலை மாணவருக்கும், அதைச் சொல்லித்தரும் ஆசிரியருக்கும் இந்தச் சேவை எந்த அளவுக்குப் பயன்படும், எங்கே காலை வாரும் என்பதுதான் இந்த மதிப்பீடு.

1971-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 7 கட்டமைப்புகளோடு தொடங்கிய கிடங்கு இது. 2023 தொடக்கத்தில் 2 லட்சத்தைத் தாண்டியது. கிடங்கு ஒன்றுதான், வாசல்கள் பல: அமெரிக்காவின் ஆர்சிஎஸ்பி, இங்கிலாந்தின் ஹின்க்ஸ்டனில் இருக்கும் பிடிபி-ஐரோப்பா, ஒசாகாவின் பிடிபி-ஜப்பான். எந்த வாசலில் நுழைந்தாலும் அணு ஆயங்கள் ஒன்றே. தேடுவதற்கும் முப்பரிமாணமாகப் பார்ப்பதற்கும் ஆர்சிஎஸ்பி வசதி என்பதால் கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான். பதிவு எண்களை வாசிக்க எளிதாக இடையில் கோடு போட்டு எழுதியிருக்கிறேன். தேடல் பெட்டியில் கோடில்லாமல் ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.

முதல் சிக்கல், எந்தப் பதிவைத் திறப்பது என்பது. ஒளி அமைப்பு 2 என்று தேடினால் நூற்றுக்கும் மேல் வந்து விழும். எல்லோரும் மேற்கோள் காட்டுவது 3-டபிள்யூ-யூ-2. 2011-இல் ஜப்பானியக் குழு வெளியிட்டது, 1.9 ஆங்ஸ்ட்ரம் துல்லியம், ஓர் இரட்டைக்கு (ஒரே மாதிரியான இரண்டு பாதிகள் சேர்ந்த கூட்டு) சுமார் 2,800 நீர் மூலக்கூறுகள் தெரிகின்றன. தண்ணீரைப் பிளக்கும் மாங்கனீசுக் கொத்தின் உருவத்தில், ஐந்து ஆக்சிஜன்களும் எங்கெங்கே என்பது உட்பட, சந்தேகம் நீங்கியது இதில்தான். ஆனால் இது தாவரத்தின் புரதம் அல்ல. வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு சயனோபாக்டீரியாவினுடையது. மையப் பகுதியான டி1, டி2 புரதங்கள் செடியிலும் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும், அமினோ அமில எண்கள்கூடப் பெரும்பாலும் பொருந்தும். மாறுவது சுற்றுப்புறம். சயனோபாக்டீரியாவில் லுமென் (சவ்வுப் பைக்குள் இருக்கும் வெளி) பக்கத்தில் பிஎஸ்பி-யூ, பிஎஸ்பி-வி என்ற புரதங்கள் இருக்கும், செடியில் அந்த இடத்தில் பிஎஸ்பி-பி, பிஎஸ்பி-க்யூ. செடியில் இருக்கும் எல்ஹெச்சி-2 ஆன்டெனா (ஒளியை வாங்கி மையத்துக்கு அனுப்பும் நிறமிப் புரதம்) அங்கே கிடையவே கிடையாது. 3-டபிள்யூ-யூ-2-வைத் திறந்து வைத்துக்கொண்டு 'இதில் குளோரோபில் பி எங்கே?' என்று தேடுபவர் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

செடியின் ஒளி அமைப்பு 2 வேண்டுமென்றால் 3-ஜே-சி-யூ. ஸ்பினாச் கீரையிலிருந்து எடுத்தது, பெய்ஜிங் குழு 2016-இல் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியால் 3.2 ஆங்ஸ்ட்ரத்தில் தீர்த்தது. இரட்டையின் மொத்த எடை 1.1 மெகாடால்டன். ஒவ்வொரு பாதியிலும் 25 புரதத் துணையலகுகள், 105 குளோரோபில், 28 கரோட்டினாய்டு. இதைவிடப் பெரிய ஆன்டெனாவோடு பார்க்க ஆசையிருந்தால் பட்டாணியின் 5-எக்ஸ்-என்-எல், 2.7 ஆங்ஸ்ட்ரம். என் யோசனை: எலக்ட்ரான் பாதையைப் படிக்க 3-டபிள்யூ-யூ-2, ஒளியாற்றல் ஆன்டெனாவிலிருந்து மையத்துக்கு வரும் வழியைப் படிக்க 5-எக்ஸ்-என்-எல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால் குழப்பம் இருக்காது. 3.2 ஆங்ஸ்ட்ரத்தில் நீர் மூலக்கூறு தெரியாது. அந்தத் துல்லியத்தில் நீர் வரும் கால்வாயைப் பற்றி முடிவு சொல்வது வீண் வேலை.

பதிவைத் திறந்ததும் மேலே முப்பரிமாணமாகப் பார்க்க ஒரு டேப் இருக்கும். அதைச் சொடுக்கினால் மோல்-ஸ்டார் என்ற காட்சிக் கருவி வரும். இங்கே வலப்பக்கம் 'அசெம்ப்ளி' என்ற தேர்வை முதலில் பாருங்கள். படிகவியலில் பதிவாகும் ஆயங்கள் படிகத்தின் சமச்சீரற்ற அலகுக்கு (திரும்பத் திரும்ப அடுக்கினால் முழுப் படிகமும் கிடைக்கும் மிகச் சிறிய துண்டு) மட்டுமே, செல்லுக்குள் இருக்கும் வடிவத்துக்கு அல்ல. ஸ்பினாச்சின் எல்ஹெச்சி-2 பதிவான 1-ஆர்-டபிள்யூ-டி-யை 'மாடல்' என்ற நிலையில் திறந்தால் 10 ஒற்றைகள் கூட்டமாக நிற்கும். இயற்கையில் அது மும்மை. சயனோபாக்டீரியாவின் ஒளி அமைப்பு 1 பதிவான 1-ஜே-பி-0 இதற்கு நேரெதிர்: 'மாடல்' நிலையில் ஒற்றை மட்டும் தெரியும், 'அசெம்ப்ளி 1' என்று மாற்றினால்தான் மும்மை வரும். (கடைசி எழுத்து சுழியம், ஆங்கில ஓ அல்ல. ஓ என்று அடித்துவிட்டு வரவில்லையே என்று முழிப்பவர்கள் உண்டு.)

அடுத்தது நிறமிகளைக் கண்டுபிடிப்பது. இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான். குளோரோபில் ஏ ஒவ்வொன்றுக்கும் ஒரே குறியீடு, சி-எல்-ஏ. ஆன்டெனாவில் சும்மா ஒளி வாங்குவதற்கும் அதே பெயர், எலக்ட்ரானைக் கொடுக்கும் சிறப்பு இணையான பி680-க்கும் அதே பெயர். பின்னால் வரும் வரிசை எண்ணுக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் வரும் பெயருக்கும் சம்பந்தமில்லை, பதிவுக்குப் பதிவு மாறும். எண்ணை மனப்பாடம் செய்யாமல், நிறமியைப் பிடித்திருக்கும் அமினோ அமிலத்தின் வழியாகப் போவதே சரியான முறை. மேலே ஓடும் புரத வரிசையில் டி1 சங்கிலியைத் தேர்ந்து (3-டபிள்யூ-யூ-2-வில் ஏ) ஹிஸ்டிடின் 198-ஐச் சொடுக்குங்கள். அதன் நைட்ரஜன் பிடித்திருக்கும் மெக்னீசியம் யாருடையதோ, அதுதான் சிறப்பு இணையின் டி1 பக்கக் குளோரோபில். டி2 சங்கிலியில் (டி) ஹிஸ்டிடின் 197 அதன் ஜோடியைக் காட்டும். டி1-இன் டைரோசின் 161, மாங்கனீசுக் கொத்துக்கும் சிறப்பு இணைக்கும் நடுவே எலக்ட்ரானைக் கைமாற்றும் டைரோசின்-இசட். பக்கத்திலேயே ஹிஸ்டிடின் 190. இரண்டுக்கும் இடையே 2.5 ஆங்ஸ்ட்ரம்கூட இல்லாத, வழக்கத்தைவிடக் குட்டையான ஹைட்ரஜன் பிணைப்பு. அளந்து பாருங்கள், அந்த எண்ணிலேயே அங்கு புரோட்டான் ஏன் அவ்வளவு சுலபமாக நகர்கிறது என்பதற்குப் பாதி விடை இருக்கிறது.

எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் பிளாஸ்டோகுவினோன்கள் பி-எல்-9 என்ற பெயரில் இருக்கும். டி2-இன் ஹிஸ்டிடின் 214-ஐ ஒட்டியிருப்பது நிலையாக ஒட்டிக்கொண்ட க்யூ-ஏ. டி1-இன் ஹிஸ்டிடின் 215, செரின் 264 பக்கம் இருப்பது வந்து போகும் க்யூ-பி. நடுவே ஹீம் இல்லாத ஓர் இரும்பு, அதை ஒட்டி ஒரு பைகார்பனேட். வந்து போகும் சரக்கு என்பதால் பல பதிவுகளில் க்யூ-பி இடம் காலியாக இருக்கும். புரதத்தைப் பிரிக்கும்போது அது கழன்று போயிருக்கும், கட்டமைப்பில் பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்ரசின் களைக்கொல்லி உட்காருவதும் இதே குழியில்தான். செரின் 264 கிளைசினாக மாறிய களைகளில் அட்ரசின் பிடிமானம் இழந்துவிடும். வேளாண் மாணவர்களுக்கு இந்த ஒரு குழியைக் காட்டினாலே பாடத்தில் பாதி முடிந்தது.

இனி தூரம். இந்தச் சேவையைப் பயன்படுத்துவோர் அதிகம் தவறுவது இங்கேதான்.

மோல்-ஸ்டாரில் தேர்வு நிலையை இயக்கி, இரண்டு இடங்களைச் சொடுக்கி, 'மெஷர்மெண்ட்ஸ்' பகுதியில் தூரம் கேட்டால் ஓர் எண் வரும். ஆனால் தேர்வின் அளவு முதலில் 'ரெசிட்யூ' என்று வைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றாமல் இரண்டு நிறமிகளைச் சொடுக்கினால், முழு மூலக்கூறின் மையத்திலிருந்து முழு மூலக்கூறின் மையத்துக்கு அளக்கும். குளோரோபில்லுக்கும் ஃபியோஃபைட்டினுக்கும் (மெக்னீசியம் இல்லாத குளோரோபில்) நீண்ட ஃபைட்டைல் வால் உண்டு. அந்த வால் மையத்தை வளையத்துக்கு வெளியே இழுத்துவிடும். வாலில் எலக்ட்ரான் உட்காருவதில்லை. ஆகவே அந்த எண்ணுக்கு இயற்பியல் பொருள் எதுவும் கிடையாது. தேர்வளவை அணு நிலைக்கு மாற்றி, இணைந்த இரட்டைப் பிணைப்புகள் ஓடும் வளையத்தின் ஓர அணுவிலிருந்து எதிர் வளையத்தின் ஓர அணுவுக்கு அளக்க வேண்டும். இரண்டு மூன்று ஜோடி அணுக்களை முயன்று பார்த்து, மிகக் குறைந்ததை எடுங்கள்.

ஓரமா மையமா என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். புரதத்துக்குள் எலக்ட்ரான் தாவும் வேகத்துக்கு மோசர், டட்டன் குழுவினர் தந்த அனுபவச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் தெரியும். நொடிக்கு எத்தனை தாவல் என்ற எண்ணின் பத்தடி மடக்கை = 13 − 0.6 × (தூரம் − 3.6) − 3.1 × (ஆற்றல் வேறுபாடு + மறுசீரமைப்பு ஆற்றல்)² ÷ மறுசீரமைப்பு ஆற்றல். தூரம் ஆங்ஸ்ட்ரத்தில், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு. ஆற்றல்கள் எலக்ட்ரான் வோல்ட்டில். மறுசீரமைப்பு ஆற்றல் என்பது தாவலுக்கு ஏற்பச் சுற்றியுள்ள அணுக்கள் இடம் மாறப் பிடிக்கும் ஆற்றல்.

ஃபியோஃபைட்டினிலிருந்து க்யூ-ஏ-வுக்கு எடுத்துக்கொள்வோம். ஓரத் தூரம் 9-க்கு அருகே. ஆற்றல் வேறுபாடு −0.4, மறுசீரமைப்பு ஆற்றல் 0.7 என்று வைத்தால் 13 − 3.24 − 0.40 = 9.36. அதாவது நொடிக்குச் சுமார் 230 கோடி முறை, ஒரு தாவலுக்கு 440 பிகோ நொடி. லேசர் ஆய்வுகளில் கிடைப்பதும் சில நூறு பிகோ நொடிதான். அதே கணக்கை வளைய மையத்திலிருந்து மையத்துக்கான சுமார் 13 ஆங்ஸ்ட்ரத்தைப் போட்டுச் செய்யுங்கள். 13 − 5.64 − 0.40 = 6.96. ஒரு தாவலுக்கு 110 நானோ நொடி. 4 ஆங்ஸ்ட்ரம் பிசகினால் விடை 250 மடங்கு பிசகுகிறது. அந்த வேகத்தில்தான் எலக்ட்ரான் நகர்ந்தால், க்யூ-ஏ-வைச் சேர்வதற்கு முன்பே பெரும்பகுதி பி680-க்குத் திரும்பிப் போய் ஆற்றல் வீணாகியிருக்கும். எந்தத் தாவலும் ஏறக்குறைய 14 ஆங்ஸ்ட்ரம் ஓரத் தூரத்தைத் தாண்டாமல் இயற்கை நிறமிகளை வரிசைப்படுத்தியிருப்பதும் இந்தக் கணக்கால்தான் புரிகிறது.

க்யூ-ஏ-யிலிருந்து க்யூ-பி-க்குப் போகும் தாவலை மட்டும் இந்தச் சூத்திரத்தில் போட்டு ஏமாறாதீர்கள். அது நூற்றுக்கணக்கான மைக்ரோ நொடி எடுக்கும். காரணம் தூரம் மட்டுமல்ல, புரோட்டான் வரவும் குவினோன் சரியாக உட்காரவும் காத்திருக்கிறது. சூத்திரம் தருவது எலக்ட்ரான் தாவுவதற்கான உச்ச வேகம், காத்திருக்கும் நேரத்தை அது அறியாது.

மாங்கனீசுக் கொத்து (குறியீடு ஓ-இ-எக்ஸ்) அழகானது, ஆனால் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன், சாய்ந்த நாற்காலி வடிவம். அதைப் பிடித்திருப்பவை டி1-இன் அஸ்பார்டேட் 170, குளுட்டமேட் 189, ஹிஸ்டிடின் 332, குளுட்டமேட் 333, அஸ்பார்டேட் 342, சங்கிலியின் கடைசி அமிலமான அலனின் 344, அதோடு சிபி43-இன் குளுட்டமேட் 354. இதெல்லாம் சரி. ஆனால் 3-டபிள்யூ-யூ-2-வில் மாங்கனீசுகளுக்கு இடையிலான தூரத்தை இரண்டாம் தசம இலக்கம் வரை நம்பி வேதியியல் பேசக் கூடாது. சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர் படும்போதே மாங்கனீசு எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனேற்ற நிலையில் இறங்கிவிடும், பிணைப்புகள் நீளும். 2015-இல் அதே ஜப்பானியக் குழு, ஃபெம்டோ நொடித் துடிப்பு தரும் ஜப்பானின் சாக்லா எக்ஸ்-கதிர் லேசரால் சேதம் ஏற்படும் முன்பே படமெடுத்து 4-யூ-பி-6 என்று பதிந்தது. 1.95 ஆங்ஸ்ட்ரம். அதில் மாங்கனீசுகளுக்கு இடைத் தூரம் 0.1 முதல் 0.2 ஆங்ஸ்ட்ரம் வரை குறைந்திருந்தது. ஆக, கொத்தின் உருவத்தைக் காட்ட 3-டபிள்யூ-யூ-2, எண்ணை எழுத 4-யூ-பி-6. ஒளித் துடிப்பு கொடுத்தபின் என்ன மாறுகிறது என்று பார்க்க 5-டபிள்யூ-எஸ்-5 (இருட்டில்), 5-டபிள்யூ-எஸ்-6 (இரண்டு துடிப்புக்குப் பின்) இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துங்கள். துடிப்பு எல்லா மூலக்கூறையும் ஒரே நிலைக்குத் தள்ளாது. இரண்டாவது பதிவில் தெரிவது கலவை என்பதை மறக்க வேண்டாம்.

எந்த ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கும்போது எடுத்த கட்டமைப்பு என்பதைக் கிடங்கு தனிப் புலமாகக் காட்டுவதில்லை. தலைப்பிலோ கட்டுரையிலோதான் தேட வேண்டும். எலக்ட்ரான் கடத்தலுக்காகவே வருபவருக்கு இது பெரிய குறை.

சைட்டோகுரோம் பி6எஃப் இந்தச் சேவையின் எல்லையை நன்றாகக் காட்டும். ஸ்பினாச்சின் 6-ஆர்-க்யூ-எஃப், 3.6 ஆங்ஸ்ட்ரம், 2019. இரட்டைப் புரதம். ஒவ்வொரு பாதியிலும் இரண்டு பி-வகை ஹீம், சைட்டோகுரோம் எஃப்-இன் ஹீம், தனியாக ஒட்டிய இன்னொரு சி-வகை ஹீம், ரீஸ்கி புரதத்தின் இரும்பு-கந்தகக் கொத்து, ஒரு குளோரோபில், ஒரு பீட்டா கரோட்டின். ரீஸ்கி கொத்திலிருந்து சைட்டோகுரோம் எஃப் ஹீமுக்கு அளந்தால் 20 ஆங்ஸ்ட்ரத்துக்கும் மேல் வரும். 22 என்று வைத்து, ஆற்றல் வேறுபாடு −0.05, மறுசீரமைப்பு 1.0 என்று சூத்திரத்தில் போட்டால் ஒரு தாவலுக்குச் சுமார் 7 நொடி ஆகும். உண்மையில் இந்தப் புரதம் ஒரு முழுச் சுற்றையே மில்லி நொடிகளில் முடிக்கிறது. கணக்கும் சரி, அளவும் சரி. பிசகு வேறிடத்தில். ரீஸ்கி புரதத்தின் தலைப்பகுதி ஏற்றச்சால் மாதிரி, குவினால் பக்கம் போய் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஹீம் பக்கம் சாய்ந்து கொட்டும். பதிவில் இருப்பது அந்த அசைவில் ஒரு நிலை மட்டும். இணைப்புத் தண்டின் அணுக்களில் பி-காரணி (அணுவின் இடம் எவ்வளவு நிலையற்றது என்பதற்கான எண்) கூடுதலாக இருக்கிறதா என்று நிறம் மாற்றிப் பாருங்கள். அசையும் பகுதியை அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

ஒளி அமைப்பு 1-இல் இவ்வளவு வில்லங்கம் இல்லை. 1-ஜே-பி-0 (2001, 2.5 ஆங்ஸ்ட்ரம்) இன்றும் பாடம் நடத்த ஏற்றது. 96 குளோரோபில், 2 ஃபில்லோகுவினோன், 3 இரும்பு-கந்தகக் கொத்து. இங்குள்ள சிறப்பு இணையான பி700-ஐப் பிடித்திருப்பவை பிஎஸ்ஏ-ஏ ஹிஸ்டிடின் 680, பிஎஸ்ஏ-பி ஹிஸ்டிடின் 660. இரு மெக்னீசியங்களுக்கும் இடையே 6.3 ஆங்ஸ்ட்ரம். சிறப்பு இணையிலிருந்து நிறமிகள் இரண்டு கிளைகளாக அடுக்கியிருக்கும். ஒளி அமைப்பு 2-இல் ஒரு கிளைதான் வேலை செய்யும், இங்கே இரண்டும் வேலை செய்யும். ஆனால் ஃபில்லோகுவினோனிலிருந்து முதல் இரும்பு-கந்தகக் கொத்தான எஃப்-எக்ஸுக்கு பி கிளையில் 20 நானோ நொடி அளவும், ஏ கிளையில் 200 நானோ நொடி அளவும் ஆகிறது. இரு கிளைகளின் தூரத்தையும் அளந்து பாருங்கள், ஏறக்குறைய ஒன்றாகவே வரும். பத்து மடங்கு வேறுபாடு தூரத்தால் அல்ல, மின்னழுத்தத்தால் என்று அப்போது தானாகவே புரியும். மேலே எஃப்-எக்ஸ், எஃப்-ஏ, எஃப்-பி கொத்துகளுக்கு மையத் தூரங்கள்: எக்ஸ்-ஏ சுமார் 15, ஏ-பி சுமார் 12, எக்ஸ்-பி சுமார் 22. எக்ஸ்-இலிருந்து பி-க்கு நேராகத் தாவாமல் ஏ வழியாகப் போவது ஏன் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

செடியின் ஒளி அமைப்பு 1-க்குப் பட்டாணியின் 4-எக்ஸ்-கே-8 (2.8), 5-எல்-8-ஆர் (2.6). இங்கே மும்மை இல்லை, ஒற்றையின் ஒரு பக்கத்தில் நான்கு எல்ஹெச்சி-1 புரதங்கள் பிறைபோல ஒட்டியிருக்கும். குளோரோபில் 150-க்கு மேல். பி700-இன் ஏ பக்கக் குளோரோபில் சாதாரணக் குளோரோபில் ஏ அல்ல, அதன் மாற்றியம். இந்தப் பதிவுகளில் அதற்கு மட்டும் சி-எல்-0 என்று தனிக் குறியீடு இருப்பதால் ஒரே சொடுக்கில் பிடிக்கலாம். ஹிஸ்டிடின் எண்களைச் சயனோபாக்டீரியாவிலிருந்து அப்படியே கொண்டுவராதீர்கள், செடியில் சற்று நகர்ந்திருக்கும். ஒளிக்கு ஏற்ப நிலை மாறும்போது எல்ஹெச்சி-2 இங்கே வந்து ஒட்டுவதைப் பார்க்க மக்காச்சோளத்தின் 5-இசட்-ஜே-ஐ.

நம்பகத்தன்மைக்கு வருவோம். ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் சிவப்பிலிருந்து நீலம் வரை ஓடும் சிறு பட்டைகள் உண்டு. கறுப்புக் குறி நீலப் பக்கம் இருந்தால் நல்லது. அதில் ஒரு வரி ராமச்சந்திரன் விலகல்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் தந்த வரைபடம்தான் இன்றும் உலகில் எந்தப் புரதம் பதிவானாலும் அதைச் சோதிக்கிறது. ஆனால் அந்தப் பட்டைகள் பெரும்பாலும் புரதத்தைப் பற்றியவை. நிறமிகள் பற்றித் தெரிய முழு சரிபார்ப்பு அறிக்கையை இறக்கி, லிகாண்டுப் (புரதத்தோடு ஒட்டியிருக்கும் நிறமி போன்ற சிறு மூலக்கூறுகள்) பகுதியைப் படிக்க வேண்டும். புரதம் நன்றாகப் பொருந்திய பதிவிலும் ஓரத்தில் இருக்கும் குளோரோபில் ஒன்று அடர்த்தி வரைபடத்துக்கு வெளியே நிற்கலாம். குளோரோபில் ஏ, பி வேறுபாட்டிலும் இதே கவனம் வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே இடத்தில்: மெத்தில் இருந்தால் ஏ, ஃபார்மைல் இருந்தால் பி. 3 ஆங்ஸ்ட்ரத்துக்கு மேற்பட்ட பதிவில் அந்த ஓர் ஆக்சிஜனைக் கண்ணால் காண முடியாது. சுற்றியுள்ள ஹைட்ரஜன் பிணைப்பையோ பழைய கட்டமைப்பையோ வைத்துப் பெயரிட்டிருப்பார்கள்.

கோப்பு இறக்கும்போது எம்எம்-சிஐஎஃப் வடிவத்தையே எடுங்கள். பழைய பிடிபி வடிவத்தில் 62 சங்கிலிக்கு மேலோ 99,999 அணுவுக்கு மேலோ எழுத இடமில்லை, பெரிய ஒளிச்சேர்க்கைக் கூட்டுகள் பலவற்றுக்கு அந்தக் கோப்பே கிடைக்காது. இன்னொரு தொல்லை, ஒவ்வொரு சங்கிலிக்கும் இரண்டு பெயர்: கிடங்கு வைத்த பெயர் ஒன்று, ஆசிரியர்கள் வைத்தது ஒன்று. கட்டுரையில் வருவது ஆசிரியர் வைத்தது. பெரிய எழுத்து ஏ-வும் சிறிய எழுத்து ஏ-வும் வெவ்வேறு சங்கிலிகள் என்பதையும் கவனியுங்கள், இரட்டையின் இரு பாதிகளை அப்படித்தான் பிரித்திருப்பார்கள். கைபேசியில் 1-ஆர்-டபிள்யூ-டி சுமாராக ஓடும். 5-எக்ஸ்-என்-எல்-ஐக் கைபேசியிலோ ராம் குறைந்த மடிக்கணினியிலோ திறப்பது பொறுமைக்குச் சோதனை. புரதத்தை மறைத்துவிட்டு லிகாண்டுகளை மட்டும் காட்டச் சொன்னால் ஓரளவு சமாளிக்கலாம். எலக்ட்ரான் பாதைக்கு அதுவே தெளிவாகவும் இருக்கும்.

தேடல் முடிவுகளோடு கணினி கணித்த ஆல்ஃபாஃபோல்டு மாதிரிகளையும் சேர்த்துக் காட்டும் வசதி 2022 முதல் இருக்கிறது. ஒளிச்சேர்க்கைக்கு அதை அணைத்தே வையுங்கள். அந்த மாதிரிகளில் புரதம் மட்டும்தான், ஒரு குளோரோபில்லோ ஹீமோ மாங்கனீசோ இருக்காது. டி1-இன் ஹிஸ்டிடின் 198 வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கட்டமைப்பே வராத துணையலகு எப்படி மடியும் என்று ஊகிக்க அவை உதவும், எலக்ட்ரான் தூரம் அளக்க உதவாது.

மதிப்பெண் கேட்டால் தரவுக்கு 5-க்கு 5, நிறமிகளுக்குப் பெயரிடும் முறைக்கு 2, பார்க்கும் கருவிக்கு 4. தரவு முழுக்கப் பொதுவுடைமை, படம் எடுத்துப் பாடப்புத்தகத்தில் அச்சிடவும் அனுமதி கேட்க வேண்டாம். படத்தின் அடியில் பதிவு எண்ணையும் அதன் மூலக் கட்டுரையையும் குறிப்பிட்டால் போதும். தூரம் எழுதும்போது எந்த அணுவிலிருந்து எந்த அணுவுக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.